தாலி ஏறிய கிட்டார்

வலம்புரித்துறையில் இரண்டு கிட்டார்களுக்குக் கல்யாணம் முடிந்த கதையைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும், தாலி முடிச்சுப் போட்ட கை இன்னும் ஊரில்தான் இருக்கிறது, ஐஸ் பிளாண்டில் காலை வேலைக்குப் போய் வருகிறது, சந்தேகம் உள்ளவர்கள் தூத்துக்குடியில் பஸ் ஏறி வந்து பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கை ஜெனோவாவுடையது.

ஜெனோவாவுக்கு ஊரில் இன்னொரு பெயரும் உண்டு, ரெண்டோலை. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் சொல்லாமலும் இருக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் கோயிலில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிக்க வேண்டும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. ஜெனோவாவுக்கும் அமலனுக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறுக்கு முன்னால் அமலனுக்குக் கப்பலில் வேலை வந்துவிட்டது, வந்து மூணாவதை வாசிச்சுக்கிடலாம், அது எங்கே ஓடிப்போகப் போகுது என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். கொஞ்ச காலம் போன் வந்தது. அப்புறம் போன் குறைந்தது, அப்புறம் நின்றது. கப்பலுக்குப் போய் வந்த பயல்கள், அவன் மொம்பாசாவில் இறங்கிவிட்டான், அங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், ஆள் நன்றாகத்தான் இருக்கிறான் என்று சொன்னார்கள், அதற்கு மேல் கேட்க அவளும் போகவில்லை, சொல்ல அவர்களும் நிற்கவில்லை. கண்ணில் புரை விழுந்து ஆபரேஷனுக்குப் பயந்துகொண்டிருந்த எங்கள் பங்குச்சாமி சூசை மரியான் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் ஓலைகளை வாசித்து முடித்ததும், மூணாவதை வாசிக்கட்டுமா என்கிற மாதிரி, ஜெனோவா இருக்கிற பாடகர் குழுப் பக்கம் ஒரு தரம் பார்ப்பார், பார்த்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போவார். ஜெனோவாவும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பார்வைக்காகத் தலையைக் குனிந்துகொள்வாள்.

அமலன் விட்டுவிட்டுப் போனது ஒரு கிட்டார். ஊர் இன்னிசைக் குழுவில் அவன் முன்னால் மெட்டு வாசிக்கிற லீட், அவள் பின்னால் தாளம் கொடுக்கிற ரிதம். அவன் போன பிறகு அவனுடைய எலக்ட்ரிக் கிட்டாரை அவள் எடுத்துக்கொண்டாள், பூசைக்கும் அதுதான், திருவிழாக் கச்சேரிக்கும் அதுதான், துட்டி வீட்டில் இறந்தவருக்குச் சொல்கிற ஜெபத்துக்கும் அதுதான். அதன் கழுத்து அவன் கைக்கென்றே செய்தது போலத் தடியாக இருக்கும். ஜெனோவாவின் கையோ சின்னக் கை, போதாததற்கு ஐஸ் பாளம் சரிந்து இடது மோதிர விரல் வளைந்துபோன கை. கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒவ்வொரு கார்டு பிடிக்கும்போதும் விரலில் இருந்து முழங்கை வரைக்கும் வலி சுர்ரென்று ஏறும். வேறு கிட்டார் பார்ப்போமா என்று குழுத் தலைவர் தொம்மை அண்ணன் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். பழகிருச்சு அண்ணே என்பாள். வலி பழகிவிட்டது என்கிறாளா, அவன் பழகிவிட்டான் என்கிறாளா என்று தொம்மை அண்ணன் தோண்டிக் கேட்க மாட்டார், அவர் கீபோர்டு வாசிக்கிறவர், இடம் பார்த்து நிறுத்தத் தெரிந்தவர்.

உப்புக்காற்று எதை விட்டுவைத்தது? ஒரு ஈஸ்டர் பூசையில், எல்லோரும் எழுந்து நிற்கிற பாட்டில், அந்தக் கழுத்து நடுவில் விரிந்து பட்டென்று போய்விட்டது. கம்பிகள் தொய்ந்து தொங்கின. ஜெனோவா அதை மடியில் போட்டுக்கொண்டு பூசை முடியும் வரைக்கும் அசையாமல் இருந்தாள்.

திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது, கிட்டார் இல்லாமல் கச்சேரி எடுபடாது. தொம்மை அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடி பஜாரில் காதர் மைதீன் பாயின் இசைக்கருவிக் கடைக்குப் போனார். தொம்மை அண்ணனுக்குக் கிட்டாரைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று, பிக்கப் நன்றாக இருக்க வேண்டும். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்புகிற காந்தம்தான் பிக்கப் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் அந்த வார்த்தையை வாயில் எடுத்தாலே அவருக்கு மோட்டார் சைக்கிள் ஞாபகம்தான் வரும், எடுத்த எடுப்பில் பிய்த்துக்கொண்டு போகணும் பாய் என்று கையை முறுக்கிக் காட்டுவார். காதர் மைதீன் பாய் அவரை உட்காரச் சொல்லிவிட்டு ஜெனோவாவிடம், முதலில் பெட்டியில் சொருக வேண்டாம்மா, சும்மா மடியில வச்சுப் பிடிச்சுப் பாருங்க, கட்டைவிரல் பின்னால எங்க போய் உக்காருதுன்னு பாருங்க, ஓரத்துக் கம்பி விரலைக் கீறுதான்னு பாருங்க, வார் போட்டு எழுந்து நின்னா தலைப்பக்கம் கீழ தொங்குதான்னு பாருங்க, சத்தத்துக்கு என்ன அவசரம் என்றார்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்தாள். பிடிக்கிறதுக்கு முன்னாலேயே முகத்தைச் சுளித்துக்கொள்கிற வழக்கம் அவளுக்கு வந்துவிட்டிருந்தது, வலி வரப்போகிறது என்று கைக்கு முன்னால் முகத்துக்குத் தெரியும். கடல்பச்சை நிறத்தில் ஒன்று, கழுத்து மெலிசு, பின்பக்கம் வழவழவென்று. அதைப் பிடித்தபோதும் முகம் சுளித்தது, ஆனால் வலி வரவில்லை. வளைந்த விரல் தானாகப் போய்க் கம்பியில் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு கார்டுக்கு மாறினாள், வரவில்லை. மேலே போனாள், கீழே வந்தாள், எங்கேயும் வரவில்லை. ஜெனோவாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷமாக அவனிடமிருந்து தினமும் வந்துகொண்டிருந்தது அந்த ஒரு வலிதான், அதுவும் இன்றைக்கு வரவில்லை. காதர் மைதீன் பாய் எதையோ தேடுகிற மாதிரி பீரோப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெட்டியில் சொருகியதும்தான் சங்கடம். பச்சைக் கிட்டாரில் ஒரே ஒரு பிக்கப், ஒரே ஒரு குரல், சர்பத் மாதிரி இனிப்பு. பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற நேரத்துப் பாட்டுக்குப் பிரமாதம், குத்துப்பாட்டுக்குச் சுத்தமாக உதவாது. பக்கத்தில் கறுப்பாக ஒன்று நின்றது, அதில் மூன்று பிக்கப், நடுவில் ஐந்து இடத்தில் நிற்கிற ஸ்விட்ச். கழுத்துப் பக்கம் தள்ளினால் உருண்டையான சத்தம், அடியில் கம்பி முடிகிற பாலத்துப் பக்கம் தள்ளினால் கத்தி தீட்டுகிற சத்தம், நடுவில் நிறுத்தினால் மணி. ஒரே கிட்டாருக்குள்ள அஞ்சு ஆள் உக்காந்திருக்கான் பாத்தியா என்று தொம்மை அண்ணன் சொக்கிப்போனார். ஆனால் அதன் கழுத்தோ துடுப்புக் கட்டை. ரெண்டும் ஒண்ணா இருக்கிற கிட்டார் கிடையாதா பாய் என்று ஜெனோவா கேட்டாள். இருக்கும்மா, சொல்லி வைக்கணும், கப்பல்ல வரணும் என்றார் பாய். கப்பலில் வரணும் என்றதும் அந்தப் பேச்சை அவள் அதோடு விட்டுவிட்டாள்.

முடிவுக்கு வர முடியவில்லை. ரெண்டையும் கொண்டு போங்க, வாசிச்சுப் பாருங்க, வேண்டியதை வச்சுக்கிட்டு மத்ததைக் கொண்டாந்து தந்திருங்க என்று பாய் இரண்டையும் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷர், இதனால் என்ன வரப்போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஊரில் புதிதாக எது வந்தாலும் சாமியார் மந்திரிக்காமல் வீட்டுக்குள் போகாது. படகு, வலை, பைக், மிக்சி, எல்லாம் கோயிலுக்கு வந்து தீர்த்தம் வாங்கித்தான் போகும். சனிக்கிழமை காலையில் இரண்டு கிட்டார்களையும் பீடத்துக்கு முன்னால் ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார்கள். புதுச் சாமானுக்குப் பூ வைக்காமல் இருக்கலாமா என்று தொம்மை அண்ணன் மனைவி ரெஜினாள் இரண்டுக்கும் மல்லிகைச் சரம் சுற்றினாள். சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒன்றில் இரண்டையும் சொருகியிருந்தார்கள். அதே நேரத்தில் அங்கே ஒரு கல்யாணமும் இருந்தது, ஆனால் மாப்பிள்ளை வந்த கார் வழியில் பஞ்சர். சூசை மரியான் சாமி உள்ளே இருந்து வந்தார், புரை விழுந்த கண்ணால் பார்த்தார், பீடத்துக்கு முன்னால் இரண்டு பேர் பூப்போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை, கறுப்புக் கோட்டும் பச்சைப் பட்டும் என்று எடுத்துக்கொண்டார். கல்யாண மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார்.

கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை அந்தோனிக்குட்டி கையைக் காட்டினார், இருமினார், மணியை ஒரு தரம் லேசாகத் தட்டியும் பார்த்தார். பீடத்தில் சாமி மந்திரம் சொல்லும்போது குறுக்கே பேசுகிற ஆள் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. சம்மதமா என்று சாமி கேட்ட இடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் காற்றோ என்னவோ, இரண்டு கிட்டாரும் ஒரே சுரத்தில் ம்ம் என்றன. சாமிக்குத் திருப்தி. தட்டைத் துழாவினார், மந்திரிப்பதற்காக வைத்திருந்த புதுக் கம்பி ஒன்று கையில் தட்டுப்பட்டது, அதைத் தாலி என்று எடுத்து ஜெபம் சொல்லி நீட்டினார். பக்கத்தில் நின்றவள் ஜெனோவாதான். நீட்டின தாலியை வாங்காமல் இருக்கலாமா? வாங்கினாள். பச்சைக் கிட்டாரின் மெல்லிய கழுத்தின் தலைமாட்டில் அதைச் சுற்றி, நாத்தனார் போடுவது போல முடிச்சுப் போட்டாள். பிந்தி வந்த நிஜ ஜோடிக்குச் சாமி, புதுவண்டிக்குச் சொல்கிற ஜெபத்தைச் சொல்லிவிட்டார் என்றும், அதனால்தான் அந்த இரண்டு பேரும் இன்றைக்கும் ஒரு இடத்தில் நிற்காமல் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள் என்றும் சொல்வார்கள், அது வீண் பேச்சு.

அன்றைக்குச் சாயந்திரம் பச்சைக் கிட்டாரை ஜெனோவாவும் கறுப்புக் கிட்டாரைத் தொம்மை அண்ணனும் அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஜெனோவா வாசித்தாள். மூன்று தெரு தள்ளி, தொம்மை அண்ணன் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்த கறுப்புக் கிட்டார் அதே பாட்டை வாசித்தது. ரெஜினாள் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, கட்டின அன்னைக்கே பேச்சு ஆரம்பிச்சாச்சாக்கும் என்று சொல்லிவிட்டு, குழம்பு அடி பிடிக்குதே என்று உள்ளே போய்விட்டாள்.

ஊர் அதை ஏற்றுக்கொண்டது இப்படித்தான், குழம்பைப் பார்த்துக்கொண்டே. ஊர்க்கமிட்டி கூடியது, கிட்டார் எப்படிப் பேசுகிறது என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை, ஒன்றைத் திருப்பிக் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் பேச்சு. கோயிலில் சேர்த்து வைத்ததைப் பிரிக்கிறது எப்படி என்றார்கள் ஒரு பக்கம். கல்யாணம் ஒரு தேவதிரவிய அனுமானம், மனுஷருக்கு உண்டான கோயில் சடங்கு, அது மரத்துக்குச் செல்லுமா என்றார்கள் இன்னொரு பக்கம். சாமியிடமே போய்க் கேட்டார்கள். நான் சொன்ன மந்திரம் சொன்னதுதான் என்று அவர் முடித்துவிட்டார், தப்பை ஒத்துக்கொண்டால் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் அவருக்கு. காதர் மைதீன் பாய்க்குத் தகவல் போனது. ஜோடியைப் பிரிச்ச பாவம் எனக்கு எதுக்கு, ரெண்டும் அங்கேயே வாழட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் அந்த ஜோடிக்கு ஓய்வு ஒழிச்சல் இல்லை. பேச்சு வராது, ஓசை மட்டும் வரும். ஒன்றைச் சுதி சேர்த்தால் மற்றதும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அக்கம்பக்கத்து ஓசையைப் பிடிப்பதில் இரண்டும் ஒன்றல்ல. பச்சையின் ஒற்றைப் பிக்கப் தன் கம்பியைத் தவிர எதையும் பிடிக்காது. கறுப்பின் மூன்றும் இருக்கிறதே, எதையும் விடாது. அதனால் கறுப்பை வெளியே அனுப்புவதும், பச்சையை ஜெனோவா வீட்டில் வைத்துக் கேட்பதும் வழக்கமாயிற்று. கறுப்பு விசைப்படகில் போகும், பெண்கள் ஜெனோவா வீட்டில் வலை பின்னிக்கொண்டே பச்சைக் கிட்டாரில் அலை அடிக்கிற சத்தத்தைக் கேட்பார்கள், இன்ஜின் ஓடுகிறது, ஐஸ் பெட்டி இழுபடுகிறது, சரி, திரும்புகிறார்கள் என்று எழுந்துபோய் உலை வைப்பார்கள். ஒரு தரம் இன்ஜின் சத்தம் பாதியில் நின்றுபோய் வேறு படகு தேடிப்போய் இழுத்து வந்தது. அந்தோனிக்குட்டி மகளைப் பிரசவத்துக்குத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனபோது கறுப்பும் கூடப் போனது, வார்டுக்குள் விடமாட்டேன் என்ற நர்சம்மாவிடம், இது எங்க ஊர்ப் புதுமாப்பிள்ளை என்று என்னென்னவோ சொல்லிக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். பிள்ளை போட்ட முதல் சத்தத்தில் ஜெனோவா வீட்டுக் கம்பி ஆறும் அதிர்ந்தன, தெருவே கைதட்டியது.

ஊரில் எல்லோருடைய ஆளும் அவள் வீட்டுக்கு வந்தார்கள், அலையாக, இன்ஜினாக, அழுகையாக. அவளுடைய ஆள் மட்டும் வரவில்லை. அவள் வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டு, பிளக்கைச் சொருகிக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். ரெஜினாள்தான் ஒருநாள் மனம் பொறுக்காமல் கேட்டுவிட்டாள்.

“எல்லாரு வீட்டுச் சத்தமும் ஒன் வீட்டுல கேக்குதே ஜெனோவா. ஒனக்கு ஒரு சத்தம் கேக்காண்டாமா?”

ஜெனோவா காப்பித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவினதையே திரும்பக் கழுவினாள். அப்புறம் மெதுவாக, வேணும் மயினி என்றாள். அவ்வளவுதான், அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ரெஜினாளின் தம்பி லூர்து கப்பலில் பிட்டராக இருந்தான், அந்த மாதம் அவன் ஏறுகிற கப்பல் மொம்பாசா வழியாகப் போவது. கறுப்பை அவன் கையில் கொடுத்து அமலனிடம் சேர்க்கச் சொல்வோம் என்றாள் ரெஜினாள். கமிட்டியில் சிலர் முனகினார்கள், கறுப்பு போய்விட்டால் படகுக்கு என்ன வழி, பிள்ளை பெறப் போகிறவர்களுக்கு என்ன வழி, கச்சேரியில் குத்துப்பாட்டுக்கு என்ன வழி. கடைசிக் கேள்விக்குத் தொம்மை அண்ணன் எழுந்தார். பிக்கப் பிக்கப் என்று கடையில் குதித்த மனுஷர்தான், இந்த வருஷம் குத்துப்பாட்டை சர்பத்திலேயே கரைச்சுக் குடிப்போம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். புருஷன் பெண்டாட்டியைப் பிரிக்கலாமா என்று ஒருவர் இழுத்தார். சாமி சிரித்தார். “நம்ம ஊருல புருஷன் கப்பலுக்குப் போகாத வீடு எத்தனை இருக்கு? அனுப்புங்க.”

அனுப்பும்போது எதை அனுப்புவது என்ற யோசனை அவளுக்குச் சற்றும் இல்லை. கடையில் முடிவுக்கு வராமல் முழித்தவள் இப்போது தெளிவாக இருந்தாள். எல்லாவற்றையும் பிடிக்கிற பிக்கப் அங்கே அவன் பக்கத்தில் இருக்கட்டும், அந்தத் தடிக் கழுத்தும் அவன் கைக்குத்தான் சரி. வலிக்காத கழுத்து இங்கே தன் கையில் இருக்கட்டும். கறுப்பைத் துடைத்து உறையில் போட்டு ஜிப்பை இழுத்துக் கொடுத்தாள். என்ன சொல்லிக் குடுக்கணும்க்கா என்று லூர்து கேட்டான்.

“ஒண்ணும் சொல்லாண்டாம். மந்திரிச்சதுன்னு மட்டும் சொல்லு.”

கப்பல் போன வழியெல்லாம் பச்சைக் கிட்டாரில் கேட்டது, பெரிய இன்ஜினின் ஒரே மாதிரியான உறுமல், இரும்பில் தண்ணீர் மோதுகிற ஓசை, அப்புறம் ஒரு துறைமுகத்தின் கிரேன் சத்தம். கிரேன் சத்தம் கேட்ட அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. லூர்து போன் பண்ணினான், துறைமுக கேட்டிலேயே ஆளைப் பார்த்துக் கொடுத்துவிட்டானாம், அவன் வாங்கிக்கொண்டானாம், உறையைத் தடவித் தடவிப் பார்த்தானாம். அதற்கப்புறம் துணி உரசுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

உறைக்குள் இருக்கிற கிட்டாரின் மௌனமும் பெட்டியில் கேட்கத்தான் செய்யும், லேசான இரைச்சல், சங்கைக் காதில் வைத்தால் கேட்கிற மாதிரி. ஜெனோவா தினமும் வேலை விட்டு வந்து அதைக் கேட்டாள். பிறகு, தங்கள் கல்யாணத்துக்கென்று இரண்டு பேரும் பழகி வைத்திருந்த பாட்டை வாசித்தாள். இங்கே வாசிப்பது அங்கே கேட்கும், உறைக்குள் இருந்தாலும் கேட்கும், ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பீரோ மேலே இருந்து கேட்கும். திறப்பான் என்று நினைத்தாள். அவனுக்கு ஒரு பழக்கம், எந்தக் கிட்டாரை எடுத்தாலும் வாசிக்கிறதுக்கு முன்னால் கட்டையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவான், கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிற மாதிரி. அந்த இரண்டு தட்டு போதும், அதற்கு மேல் தனக்கு எதுவும் வேண்டாம் என்று மாதாவிடம் சொல்லிவைத்தாள். விரல் வலிக்கவில்லை, மற்றதெல்லாம் வலித்தது. பெண்கள் இப்போதும் வலையை எடுத்துக்கொண்டு வந்து அவள் வீட்டில் உட்கார்ந்தார்கள், கேட்பதற்கு அலை இல்லை, இன்ஜின் இல்லை, அந்த இரைச்சலைத்தான் அவளோடு சேர்ந்து கேட்டுக்கொண்டு இருந்துவிட்டுப் போனார்கள்.

மறு வருஷத் திருவிழா வந்தது. சப்பரம் சுற்றி வந்து, பொழுது சாய்ந்து, கடற்கரை மேடையில் கச்சேரி ஆரம்பித்தது. ஊர் முழுக்க மணலில் உட்கார்ந்திருந்தது, ஒலிபெருக்கி பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குத் தொம்மை அண்ணன் தாளம் மாற்றிக்கொண்டிருந்த இடைவெளியில், ஜெனோவா கை எடுத்திருந்த நேரத்தில், ஒலிபெருக்கியில் இரண்டு தட்டுக் கேட்டது.

மணலில் இருந்த அத்தனை பேருக்கும் அது யார் தட்டு என்று தெரியும். இளந்தாரிகளுக்குத் தெரியாதிருந்தால் பக்கத்தில் இருந்த பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ரெஜினாள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஜெனோவா கழுத்தைப் பிடித்தாள், அவள் அழுத்தாமலே கம்பிகள் அமுங்கின, ஜி கார்டு, சுண்டுவிரலையும் சேர்த்துப் போட்டு அவன் மட்டும் பிடிக்கிற ஜி கார்டு. கடலைத் தாண்டி அவன் அழுத்துகிற அழுத்தம் அவள் விரலுக்குக் கீழே வந்து நின்றது. அவளுக்கு உடம்பெல்லாம் உருகிவிடும் போலிருந்தது. வாசி என்று மனசுக்குள் சொன்னாள். வாசி, ஒரு தரம் வாசி.

கம்பிகள் ஒலித்தன. ஆனால் அது அவன் வாசிப்பு இல்லை. கம்பியை மீட்டவில்லை, அறைந்தது. மேலிருந்து கீழாக இல்லை, எப்படி வருகிறதோ அப்படி. விரல் இல்லை, உள்ளங்கை. சின்னஞ்சிறிய உள்ளங்கை. பளார் பளார் என்று ஆறு கம்பியையும் சேர்த்து அடித்து, அடித்துவிட்டு நிறுத்தி, தான் போட்ட சத்தத்தைத் தானே கேட்டு, ஒரு சிரிப்பு, பேச்சு வராது என்றேனே, சிரிப்பு வரும், கம்பியில் லேசாக அதிர்ந்து வந்தது. திரும்பப் பளார். அவன் கழுத்தைப் பிடித்துக் கார்டைப் போட்டுக் கொடுக்கிறான், மடியில் இருக்கிற அவன் பிள்ளை அடிக்கிறது.

ஊருக்கே புரிந்துவிட்டது. ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. எத்தனையோ வீட்டுச் சத்தங்களைச் சேர்ந்து கேட்ட ஊர், இந்த ஒரு சத்தத்தைக் கேட்க முடியாமல் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தொம்மை அண்ணன் கீபோர்டை விட்டு எழுந்து வந்து அவள் காதுப் பக்கம் குனிந்தார். பிளக்கைப் பிடுங்கிரட்டுமா தாயி என்றார்.

ஜெனோவாவின் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை, இடது கையைக் கழுத்தில் இருந்து எடுக்க அவளுக்கு மனமில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பளார் பளாரைக் கேட்டாள்.

“எதுக்கு அண்ணே. பிள்ளை தாளத்துலதான் அடிக்குது.”

சொல்லிவிட்டு அந்த அடிக்கு வாசித்தாள். பிள்ளை அடித்த இடத்தில் அவள் நின்றாள், பிள்ளை நிறுத்தின இடத்தில் அவள் ஓடினாள். அங்கே கார்டு மாறியது, முதலில் தயங்கி, அப்புறம் அவள் போகிற வழிக்கே. அமலன் லீட், ஜெனோவா ரிதம் என்றுதானே இருந்தது, அன்றைக்கு அவள் லீட், அவன் ரிதம், நடுவில் ஒரு குழந்தை. தொம்மை அண்ணன் திரும்பிப் போய்க் கீபோர்டில் உட்கார்ந்தார். மணலில் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள், பச்சை அதைப் பிடித்து அனுப்பாது, ஆனாலும் பிள்ளை இன்னும் பலமாக அடித்தது. குத்துப்பாட்டுக்கு உதவாது என்று ஒதுக்கின அந்தப் பச்சைக் கிட்டாரில் அப்படியொரு குத்தை ஊர் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு பூசையில் சாமி ஓலைகளை வாசித்து முடித்து வழக்கம் போலப் பாடகர் குழுப் பக்கம் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெரியுமோ தெரியாதோ, ஜெனோவா தலையைக் குனியவில்லை, நிமிர்ந்து வேண்டாம் என்று ஆட்டினாள். சாமி அடுத்த அறிவிப்புக்குப் போனார். அதிலிருந்து அவர் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. ரெண்டோலை என்ற பெயரும் மெல்ல வழக்கத்தில் இருந்து போய்விட்டது.

ஆசை போய்விட்டதா என்று கேட்டால், எங்கே போகும்? ஜெனோவா இப்போதும் சாயந்திரம் வேலை விட்டு வந்து பிளக்கைச் சொருகுகிறாள். பிள்ளை தினமும் அடிப்பதில்லை, சில நாள் அடிக்கும், சில நாள் இரைச்சல் மட்டும்தான். பிள்ளைக்குத் தலைமாட்டில் உள்ள திருகுகளைத் திருகுவதில்தான் ஆசை அதிகம், அங்கே திருகினால் இங்கே கம்பி கன்னாபின்னாவென்று தொய்கிறது. ஜெனோவா பச்சைக் கிட்டாரை மடியில் வைத்து, கழுத்தில் கட்டின தாலிக் கம்பியைக் கொஞ்சம் ஒதுக்கி, ஒவ்வொரு கம்பியாகச் சுதி சேர்த்து வைக்கிறாள், அப்போதுதான் அங்கே அடுத்த தரம் பிள்ளை அடிக்கும்போது அபசுரம் வராது. கடலுக்கு அந்தப் பக்கம், எத்தனை திருகினாலும் சுதி விலகாத கிட்டார் ஒன்றை ஒரு பிள்ளை வைத்துக்கொண்டிருக்கிறது. அது எப்படி என்று பிள்ளையின் தாய்க்குத் தெரியாமல் இருக்கலாம், அமலனுக்குத் தெரியும்.

ஒருநாள் அவள் சுதி சேர்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கிருந்து இரண்டு தட்டுக் கேட்டது. மெதுவாக, யாருக்கும் தெரியாமல் தட்டுகிற மாதிரி. ஜெனோவாவின் கை நின்றது. பதிலுக்குத் தட்ட விரல் கட்டைக்கு மேலே போய், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் திரும்பி வந்து திருகைப் பிடித்தது. கடைசிக் கம்பியை இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது, பிள்ளை அதைத்தான் அதிகம் பிடித்து இழுக்கிறது.